நாலு உள்ளே, ஆறு வெளியே

திபிலீசி மெட்ரோவில் எனக்கொரு கண்ணாடிக் கூண்டு.
நூற்றிருபது மீட்டர் எஸ்கலேட்டரின் காலடியில்
ஒரு நாற்காலி, மூன்று திரைகள், ஒரு சிவப்புப் பொத்தான்,
கழுத்து வளைந்த ஒரு மைக்.
"ஓடாதீர்கள். பிள்ளையின் கையைப் பிடியுங்கள்.
படியில் உட்காராதீர்கள். ஐயா, உங்களைத்தான்."
பதினோரு வருடமாக என் வசனம் இவ்வளவே.

நிமோனியாவில் விழுந்து எழுந்த பிறகுதான்
பயம் வேலைக்குச் சேர்ந்தது.
ஒன்றுமே நடக்காத செவ்வாய்க்கிழமைகளில்
மலை முழுசாக என் நெஞ்சில் வந்து உட்காரும்.
தலைக்குமேல் எவ்வளவு மண் என்று
அதுவரை நான் நினைத்ததே இல்லை.

மூச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள்:
நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே.
எனக்கு எண்கள் ஆகாது.
நாலு என்றால் பாக்கி நிற்கும் நாலு தவணை.
ஆறு என்றால் போலந்து போன மகன்
போன் எடுக்காத மாதங்கள்.
எண்ண எண்ண இன்னும் முட்டியது.

எண்களைக் கழற்றிவிட்டு
அந்த இடத்தில் கோயில் வார்த்தைகளை வைத்தேன்,
உடைந்த ஓட்டின் இடத்தில்
கைக்குக் கிடைத்த தகரத்தைச் செருகுவதுபோல.
இ - யே - சு - வே. நாலு. உள்ளே.
இ - ரக் - க - மா - யி - ரும். ஆறு. வெளியே.
அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

தந்தை பெசாரியோனிடம் சொன்னேன். தாடியை இழுத்துக்கொண்டார்.
"இது ஜெபமா, உடற்பயிற்சியா, நாசிப்ரோலா?"
"தெரியவில்லை, தந்தையே.
நுரையீரலுக்கும் தெரியவில்லை."
அவர் சிரித்தாரா இருமினாரா, இன்றுவரை சந்தேகம்.

இறங்கும் படிகளைப் பார்த்து உள்ளே இழுப்பேன்,
ஏறும் படிகளைப் பார்த்து வெளியே விடுவேன்.
நடுவில் ஒரு சின்னத் தயக்கம்,
முதல் படியில் கால் வைக்குமுன்
எல்லோருக்கும் வருமே, அது.
பூக்கட்டோடு ஒருவன், குடித்த ஒருவன்,
செலோவை முதுகில் சுமந்த ஒருத்தி.
இரக்கம் யாருக்கென்று நான் விலாசம் எழுதுவதில்லை.

பிப்ரவரியில் ஒரு மாலை, கரண்ட் போனது.
நின்ற எஸ்கலேட்டர்
ஓடுகிறதைவிடச் செங்குத்து.
மஞ்சளாய் நாலைந்து அவசர விளக்கு,
நடுவழியில் முந்நூறு பேர்.
யாரோ அலறினார்கள்;
அலறல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கீழே இறங்கியது.
மைக்குக்கு மட்டும் பேட்டரி இருந்தது.
"அசையாதீர்கள், கைப்பிடியைப் பிடியுங்கள்" என்றேன்.
அதற்கு மேல் என்னிடம் வசனம் இல்லை.
மலை வந்தது.
கண்ணை மூடினேன்.

இயேசுவே

இரக்கமாயிரும்

மைக்கை அணைக்க மறந்தது
எனக்கெப்படித் தெரியும்?

பிறகு சொன்னார்கள்:
ஒலிபெருக்கியில் முதலில் காற்றுதான் வந்ததாம்,
பக்கத்து அறையில் யாரோ தூக்கத்தில் புரள்வதுபோல.
வார்த்தை அதன் பின்னால், காலைத் தேய்த்துக்கொண்டு.
இரண்டாம் சுற்றில் ஒருவன் வைதானாம்.
ஏழாம் சுற்றில் அவன் குரலும் இல்லையாம்.
எல்லோரும் சேர்ந்து ஜெபித்தார்கள் என்று
நான் கதை விடமாட்டேன்.
மூச்சு விட்டார்கள். அவ்வளவுதான்.

கண் திறந்தபோது கூண்டுக் கண்ணாடி முழுக்க ஆவி.
உள்பக்கம் கைக்குட்டையால் துடைத்தேன்.
மங்கல் போகவில்லை.
வெளிப்பக்கமும் படிந்திருந்தது.

பதினேழு நிமிடம் கழித்து
படிகள் ஒரு உதறல் உதறி நகர்ந்தன.
வெள்ளிக்கிழமை ஒரு கடிதம் வந்தது:
மைக் அறிவிப்புகளுக்கு மட்டுமே,
மறுபடி நடந்தால் சம்பளத்தில் பிடித்தம்.
கையெழுத்துப் போட்டேன். நியாயம்தானே.

இப்போதெல்லாம் பொத்தானை
இரண்டு தடவை பார்த்துத்தான் அணைக்கிறேன்.
நேற்று அந்தச் செலோக்காரி
மேலே போகிற படியில் ஏறுமுன்
என் கூண்டருகே நின்று,
உதட்டைக் குவித்து,
சூடான சூப்பை ஆற்றுவதுபோல்
மெல்ல ஊதிவிட்டுப் போனாள்.

ஆறு இருக்கும்.
நான் எண்ணவில்லை.